குற்றாலத்தில் ஊதிய சங்கு

சென்ற ஆண்டு சாரல் காலத்தில், தென்காசியில் சிற்றாற்றுக் கரையில் நடந்தது இது.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் கூடை வைத்துப் பழம் விற்கிறேன். வீடு தென்காசியில். பஸ்ஸில் கால் மணி நேரம்தான், ஆனால் இரண்டு இடத்துக்கும் சட்டம் வேறு. அங்கே அருவியில் சோப்புப் போடக் கூடாது. அதனால் என் அழுக்குத் துணியை இங்கே ஆற்றுக்குத்தான் கொண்டு வருவேன். இப்போதெல்லாம் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. மலையில் தண்ணீர் ஏறினால் அங்கே சங்கு ஊதி, கயிறு கட்டி, எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறார்கள். நாங்கள் துவைக்கிற துறையில் திடீர் வெள்ளம் வரும் என்று ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே படிக்கக்கூடிய பெரிய எழுத்துதான். அதன்மேல் சேலை காயப்போடுவோம்.

அன்று பகலில் வியாபாரம் சூடுபிடிக்கும்போது சங்கு ஊதியது. முனகிக்கொண்டே கூடையைக் கட்டிப் பஸ் ஏறினேன். சீக்கிரம் வந்துவிட்டோமே, துணியையாவது துவைப்போம் என்று ஆற்றுக்குப் போனேன்.

இங்கே நல்ல வெயில். தண்ணீர் கெண்டைக்கால் அளவுதான். நாலைந்து பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் நடுப்பாறையில், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. குற்றாலத்தில் சங்கு ஊதிவிட்டதை மெதுவாகச் சொன்னேன்.

"ஏ ஆச்சி, அது அருவியில குளிக்கவங்களுக்கு ஊதுத சங்கு. அழுக்குத் துவைக்குத நமக்குமா ஊதுதாங்க?" என்றாள் ஒருத்தி.

"ஆச்சிக்கு என் கல்லு மேல ஒரு கண்ணு. அதான் எழுப்பிவிடப் பாக்குதாவ," என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அது அங்கத்துச் சட்டம்தானே என்று நானும் இறங்கி, சேலையை நனைத்துக் கல்லில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் காலில் ஏதோ உரசியது. சருகில்லை; அப்போதுதான் முறிந்த பச்சைக் கிளை. பின்னாலேயே தண்ணீர் செம்மண் நிறமாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பஸ்ஸில் வந்துவிட்டேன். மலையில் ஏறிய அந்தத் தண்ணீர் ஆற்றோடு நடந்து வந்திருக்கிறது.

"ஏட்டி, கரையேறுங்க! வெள்ளம் வருது!"

எனக்குள் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். நடுப்பாறைக்காரிக்குத் துணியை அடித்துத் துவைக்கிற சத்தத்தில் கேட்கவில்லை. ஈரச்சேலையின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைச் சுருட்டி அவள் முதுகில் எறிந்தேன்.

"எவட்டி அது?" என்று கோபமாகத் திரும்பியவள் தண்ணீரைப் பார்த்துவிட்டாள். சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். இடுப்பளவு தண்ணீரில் தடுமாறி வந்து விழுந்தாள். அவளுடைய வாளியும் துணியும் போய்விட்டன. திரும்பிப் பார்த்தபோது பாறையும் தெரியவில்லை.

மூச்சு வாங்கி முடித்தபின், சங்கு ஊதிய விஷயத்தை மற்றவர்கள் சொல்லக் கேட்டு, அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"இப்படிக் கத்தத் தெரியும்லா ஆச்சி, வந்ததுமே கத்தியிருக்கலாம்லா?"

கோபமாகக் கேட்கவில்லை. அவளுடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது குற்றாலத்தில் சங்கு ஊதினால், கூடையைக் கட்டுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் போடுகிறேன். "எல்லாரும் கரையேறிட்டோம் ஆச்சி" என்று அவள் சொல்கிறவரை எனக்கு இருப்புக் கொள்ளாது. கேலிக்குப் பயந்து அன்று முதலில் நான் விழுங்கிய சத்தம் இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது.