வெள்ளி டம்ளர் வழக்கு

என் அண்ணனின் பல்லைப் பார்த்துத்தான் அவனை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். சர்க்கார் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பதிமூன்று வயதுதான் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். சிறுபிள்ளை என்பதால் கூண்டு கிடையாது, விலங்கும் கிடையாது.

கண்டனூரில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குள், விழுந்த பந்தை எடுக்க அண்ணன் சுவரேறிக் குதித்திருந்தான். பின்கட்டுக் கிணற்றடியில் கையில் வெள்ளி டம்ளரோடு நின்றவனை அந்த வீட்டுக் காவல்காரர் பிடித்துவிட்டார். திருட்டு வழக்கு.

விட்டுவர ஆளில்லாமல் அப்பாவும் அம்மாவும் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் கறுப்புக் கோட்டு போடவில்லை, போலீஸ்காரர் வேட்டியில் இருந்தார். பிள்ளைகள் மிரளக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடாம். எல்லோரும் சாவு வீட்டில் போலத் தணிந்த குரலில் பேசினார்கள்.

"டம்ளரை எதுக்குப்பா எடுத்தே?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நான் எடுக்கலய்யா. அவுகதான் குடுத்தாக. தண்ணி கேட்டாக."

"யாரு?"

"உள்ள இருக்கவுக. ஜன்னல் கம்பி வழியா கை மட்டும் வந்துச்சு. உள்ள ஒரே இருட்டு, மொகம் தெரியல."

காவல்காரர் சிரித்தார். "அங்குட்டு யாருங்கய்யா இருக்கா? பய பேயக் கண்டிருப்பான்." மாஜிஸ்திரேட் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"கை எப்படி இருந்துச்சு?"

"நகம் நீள நீளமா இருந்துச்சுய்யா. வளையல் போட்டிருந்தாக."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிவர வேண்டும் என்று அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அண்ணனை அனுப்பினார். பிறகு போலீஸ்காரரை அருகே அழைத்து ஏதோ சொன்னார். அம்மா வீட்டுக்குப் போன கையோடு அண்ணனுக்கு மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் ஜீப் நின்றது. கூட்டத்தில் நாங்களும் நின்றோம். வழக்கு தள்ளுபடியானது பின்னால்தான். புத்தி பேதலித்தவள் என்று அந்த வீட்டுக்காரர்கள் சொந்த மருமகளையே அடைத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு விளங்கவோ இன்னும் பல வருடங்கள் ஆயின. அன்று பார்த்தது, எலும்பும் தோலுமாக ஒரு பெண் படியில் வந்து நின்றதை மட்டும்தான். வெயில் பட்டதும் அவள் கூசிப்போய் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பேய்தான், அதனால்தான் அதற்கு வெயில் ஆகவில்லை என்று நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.