சிவதீட்சை பெற்ற சண்டை மீன்

என் கணவருக்கு எதையாவது திருத்தாவிட்டால் தூக்கம் வராது. தம்மைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருத்துவார். இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. முன்பக்கம் கடை, நடுவில் ஒரு திரை, பின்பக்கம் வீடு. கல்யாணமான சில வருஷத்தில் இந்தியாவுக்குப் போனவர் சிவதீட்சை வாங்கிக்கொண்டு திரும்பினார். வந்த அன்றே என் மீன் சட்டியைக் கொல்லையில் போட்டு உடைத்தார். நான் தூத்துக்குடிக்காரி, மீன் வாசனையிலேயே பிறந்து வளர்ந்தவள். 'உனக்குச் சம்மதமா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டா பெரிய மனிதர்கள் மோட்சத்துக்குப் போகிறார்கள்!

தீட்சை வாங்கியும் அவருடைய கஜக்கோல் மட்டும் திருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் ரவிக்கைத் துணி எடுக்க வருவார்கள். இவர் நெற்றி நிறையத் திருநீற்றோடு, வாய் நிறையச் சிவநாமத்தோடு, கஜத்துக்கு ஒரு விரற்கடை குறைத்து அளப்பார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். இதைத் திரைக்குப் பின்னாலிருந்து வாரந்தோறும் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மீன் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மேசை நாற்காலி வாங்கப் போனவர், இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றையும், ஊறுகாய்ப் போத்தலுக்குள் ஒரு மீனையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சயாம் தேசத்துச் சண்டை மீனாம். நீளம் என்னவோ என் சுண்டுவிரல் அளவுதான். ஆனால் நீலமும் சிவப்புமாக அது வாலை விரித்தபோது, எங்கள் கடைப் பட்டெல்லாம் வெறும் சாக்குத் துணியாகிவிட்டது. வண்டியோடு கூட வந்தவர் துரை வீட்டில் சமைத்த அப்பு. அவர் போகும்போது சொன்னார்:

"மொதலாளி, இதுக்குப் புழு போடணுங்க. தேங்குன தண்ணியில நெளியுமே, கொசுப்புழு, அதத்தான் திங்கும். வேற எதையும் தொடாதுங்க."

"என் வீட்டுல புழுவா? போய்யா. எல்லாம் வளக்கிற வெதத்துல இருக்கு" என்றார் இவர்.

துரை வீட்டில் அது வெறும் தண்ணீரில் கிடந்ததாம். இவருக்கோ தொட்டிக்குள் நந்தவனமே வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்து நிற்க வேண்டுமே! வாசல் செம்மண்ணை அள்ளிக் கழுவாமல் கொட்டித் தண்ணீரை ஊற்றினார். தொட்டி செங்கல் சூளைக் குட்டையாயிற்று. மண் அடங்கியதும் அதில் என்ன நட்டார் தெரியுமா? துளசி! புனிதமான செடி, தண்ணீரையும் சுத்தம் செய்யுமாம். மேலே ஒரு சிட்டிகைத் திருநீறும் தூவினார். துளசி அழுகி நாறியது. மீனை இன்னும் போத்தலிலேயே விட்டு வைத்திருந்ததால் அது பிழைத்தது.

நாற்றம் அடுக்களை வரை வந்த பிறகு, நான்தான் அவ்வளவையும் வாரிக் கொட்டினேன். ஆற்று மணலை அரிசி களைவதுபோலக் களைந்து பரப்பினேன். கொல்லைப்புறம் கீரை விற்க வரும் சிங்களத்து அம்மாவிடம் சொல்லி, வயல் ஓரத்திலிருந்து கெக்கட்டி என்கிற நீர்ச்செடியை வேரோடும் சேற்றோடும் கொண்டுவரச் செய்தேன். அவர்கள் வீடுகளில் அதன் தண்டைக் கறி வைப்பார்கள். சேற்றை மணலுக்கு அடியில் வைத்து நட்டேன். வேலம்பாசியும் ஒரு கொத்துச் சொருகினேன். தண்ணீர் தெளிந்து, இலை நிமிர்ந்ததும் மீனை விட்டோம். "பாத்தியா, எப்படி அமைச்சுட்டேன்!" என்று வந்தவர்களிடம் எல்லாம் இவர் சொன்னார்.

தீனிதான் தகராறு. ஊர்த் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை அல்லவா? இதற்கும் காலையும் மாலையும் பொரி போட்டார். பொரி ஊறிப் பஞ்சாகி மிதந்தது. மீன் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாளாக ஆக அதன் நிறம் வெளுத்து, வயிறு ஒட்டி, இலைக்கு அடியில் போய் முடங்கிக்கொண்டது. 

"புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுங்க. அது செத்துப்போகும்" என்றேன்.

"புலிக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்ல, அதான்" என்றார்.

இந்த ஞானத்தோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கொல்லையில் கூரைத் தண்ணீர் விழுகிற பீப்பாய் இருந்தது. அதில் புழுவுக்கா பஞ்சம்? அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சிரட்டையில் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றினேன். அந்த மீன் பாய்ந்த பாய்ச்சலைப் பார்க்க வேண்டுமே! தினமும் ஊற்றினேன். நிறம் திரும்பியது. தேறிவிட்ட அடையாளமாக, இலைக்கு அடியில் முத்து முத்தாக நுரைக்கூடும் கட்டியது.

இவர் அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் தண்டோரா போட்டார். சண்டை மீன் சைவமாகிவிட்டதாம், தீட்சை பெற்றவன் கைப் பொரியின் மகிமையாம். லுணுகலையிலிருந்தெல்லாம் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் தர்மகர்த்தா, இந்தியாவிலிருந்து வந்திருந்த மடத்துச் சாமியார் ஒருவரையே அழைத்து வந்துவிட்டார். கடை நிறையத் தோட்டத்துப் பெண்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சாமி, இது மடத்துலதான் இருக்கணும். இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க."

"பேஷாக. தினம் பிரசாதப் பொரி போட்டு வளர்க்கிறோம்" என்றார் சாமியார்.

சாமியாருக்குப் பால் செம்போடு திரைக்குப் பின்னால் நின்ற என் காதில் இது விழுந்தது. பொரியைப் போட்டே அதைக் கொன்றுவிடுவார்கள். கொல்லுகிற அன்றைக்கும் 'சிவ சிவா' என்றுதான் சொல்வார்கள். செம்பை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். வீட்டுப் பெண்கள் முன்கடைக்கு வருவது எங்களில் வழக்கமில்லை. அன்று திரையை விலக்கிக்கொண்டு, சிரட்டையோடு போய் நின்றேன்.

"சாமி, இது திங்கிறது இதத்தான். இத்தன நாளும் நான்தான் போட்டேன்" என்று சொல்லி, எல்லார் கண் முன்னாலும் ஊற்றினேன்.

மீன் ஒரு புழுவையும் விட்டு வைக்கவில்லை. தர்மகர்த்தா காதைப் பொத்திக்கொண்டார். கண்ணை மூடத்தான் மறந்துவிட்டார். கொழுந்துக்காரி ஒருத்தி மட்டும் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"நெறைய ஊத்துங்கம்மா! மொதலாளி துணி அளக்குற மாதிரி கொறச்சுப் போட்டுறாதீங்க!"

கடையே சிரித்தது. சாமியார், "இது இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

  இரண்டு நாளில் அவருக்கு ஒரு புது ஞானம் பிறந்துவிட்டது. கடைக்கு வந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கொசுப்புழு மழைத்தண்ணியில தானா வெளையிறதுய்யா. அதுல ரத்தமா இருக்கு? கீரை மாதிரிதான். சைவத்துல சேத்தி."

அன்று ராத்திரி சோறு போடும்போது கேட்டேன்:

"மழைத்தண்ணியில வெளையிறது சைவம்னா, கடல் தண்ணியில வெளையிறது எதுல சேத்திங்க?"

"மோர ஊத்து" என்றார் அவர்.

மறுநாள் பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் நானாவிடம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். சந்தையில் ஒரு புது மண்சட்டியும் வாங்கினேன். குழம்பு கொதித்து வாசனை திரையைத் தாண்டிப் போனது. முன்கடையில் கஜக்கோலோடு உட்கார்ந்திருந்தவர் சட்டியை உடைக்க எழுந்து வரவில்லை. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, அத்தனை வருஷத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட ருசிக்கு அழுதுகொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டேன்.