பெரியவள் ரேடியோவில் பேசியது

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளைப் பெரியவள் என்பார்கள், இளையவளைச் சின்னவள். பெரியவள் கால் வலிக்காரர்களுக்குச் செருப்புச் செய்து கொடுப்பவள். வெள்ளைத் தாளில் பாதத்தை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, குதிகாலுக்கு எங்கே மெத்தை வேண்டும் என்று விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். பதினாறு வருஷத் தொழில். சின்னவள் கல்லூரிப் பெண்களுக்கான துணிக்கடை போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அந்தக் கடைக்கு, புதுப்பாட்டு மட்டுமே போடும் எஃப்.எம்.மில் விளம்பரம் வந்தது. துள்ளலாக நாலு வரிப் பாட்டு. ஒரே வாரத்தில் கடையில் நிற்க இடமில்லை. பெரியவளின் கணவரே முகச்சவரம் செய்துகொண்டு அந்தப் பாட்டை முணுமுணுத்தார். அவளுக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கு வேற பாட்டே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாளே அதே நிலையத்தில் போய் நின்றாள். விளம்பரப் பிரிவில் இருந்தவர் அவள் தொழிலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சின்னவளுக்குப் போடுகிற அதே நேரம், அதே மாதிரிப் பாட்டு, சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும் என்றாள். கேட்டபடியே செய்து கொடுத்தார்கள். குதிகால் வலியைப் பற்றி மேளமும் விசிலுமாக ஒரு பாட்டு. மூன்று வாரத்தில் அதைக் கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர். இருவருமே ஹை ஹீல்ஸ் கேட்டார்கள்.

சின்னவளுக்கு மட்டும் நன்றாகச் செய்து கொடுத்துவிட்டுத் தன்னை ஏமாற்றிவிட்டதாக அவள் சண்டைக்கே போய்விட்டாள். விளம்பரப் பிரிவுக்காரர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க கடைக்கு வர்ற பொண்ணுங்க எங்க ஸ்டேஷனைக் கேக்கறாங்க, மேடம். உங்க கடைக்கு வர்றவங்க எதைக் கேக்கறாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷமாகக் கால்களை மட்டுமே பார்த்திருந்தாள்.

அன்றிலிருந்து அளவெடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் விசாரித்தாள். நர்ஸ், பள்ளி ஆசிரியை, சலூன்காரர், பேருந்து நடத்துநர். எல்லாரும் நின்றே வேலை பார்ப்பவர்கள். பலரும் சொன்னது ஒரே நிலையத்தை. செய்தியும் பேச்சும்தான் அதில்; காலையில் ஒரு டாக்டர் நேயர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார். சலூனில் நாள் முழுக்க அதுதான் ஓடுமாம்.

அந்த நிலையத்தில் பாட்டெல்லாம் வேண்டாம், அரை நிமிஷம் நீங்களே பேசுங்கள் என்றார்கள். பேசினாள். நாள் பூராவும் நிற்கிறவர்களுக்குக் குதிகால் ஏன் வலிக்கிறது என்று, கடையில் சொல்வது போலவே சொன்னாள். பத்தே நாளில் கடை பெஞ்சு நிரம்பிவிட்டது.

ஒரு நாள் அந்த பெஞ்சில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். கடையில் நின்று நின்று குதிகால் வீங்கியிருந்தது. பெரியவள் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தாளில் வைத்தாள்.

"என் விளம்பரத்துல பாடினது நான் இல்ல, அக்கா," என்றாள் சின்னவள். "ஆசையா போய் நின்னேன். என் குரல் சரிப்படாதுன்னுட்டாங்க. உங்களை மட்டும் பேச விட்டிருக்காங்க."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று பெரியவளுக்கா தெரியாது? சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதென்று தலை நிமிராமலே பென்சிலை ஓட்டினாள்.

தானும் அந்த நிலையத்துக்கே மாறிவிடலாமா என்று சின்னவள் கேட்டாள்.

"வேண்டாம். உன்கிட்ட வர்ற பொண்ணுங்க அதைக் கேக்கறதில்ல. நீ இருக்கிற இடத்துலயே இரு."

சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையாக இல்லாவிட்டாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள். ஆனால் செருப்பை மட்டும், வேறு யாருக்கும் செய்யாத அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தாள்.