சாந்தோமில் நான் பிடித்த திருடி

மன்னாரிலிருந்து புறப்படும்போது அப்பா என் காதில் சொன்னது ஒன்றுதான்: "அது வேற நாடு மகள். ஒருத்தரையும் நம்பிப்போடாதை."

எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தொண்டையில் கட்டி. சென்னையில், அடையாறு தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்தார்கள். என்னை, எங்கள் ஊர் மாதா கோயில் சாமியாருக்குத் தெரிந்த ஒரு சாந்தோம் வீட்டில் விட்டார்கள். அங்கே ஆன்ட்டியும் அங்கிளும் மட்டும்தான்.

போன அன்றே ஆன்ட்டி எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி பீரோவில் பூட்டினார். இரவில் என் செருப்பையும் வீட்டுக்குள் எடுத்து வைத்தார். ஓடிவிடுவேன் என்று பயமாக்கும் என நினைத்தேன். தெருநாய் தூக்கிப்போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் சமையலறைக்குள் நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். அது எதற்கென்று தெரியவில்லை.

சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அம்மா நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறினால் ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில், இஞ்சி இடிக்கிற சின்ன உரலில் நானே தேங்காய்ச் சம்பல் இடிப்பேன். அம்மாவுக்குப் பிடித்தபடி உறைப்பு கம்மியாக. ஆன்ட்டி அதையும் சோற்றையும் கேரியரில் போட்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் கழுவின கேரியரைத் திறந்து காட்டுவார்.

"பாத்தியா? உங்கம்மா வழிச்சு துன்னுட்டாங்க பாப்பா."

போனில் அம்மாவும், "சாப்பிட்டன் மகள்" என்பாள், நூல் மாதிரிக் குரலில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிள் என்னை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கூட்டிப்போவார். மாடி வராந்தாவிலிருந்து அம்மா கை காட்டுவாள். ஒவ்வொரு வாரமும் அம்மா மெலிந்துகொண்டே போனாள். ஆன்ட்டிக்கோ கன்னம் உப்பிக்கொண்டே வந்தது. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு காலை, சம்பலில் பன்னிரண்டு காய்ந்த செத்தல் மிளகாயைக் கூடுதலாகப் போட்டு இடித்தேன். அம்மாவுக்குச் சுடுமே என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அது அம்மாவிடம் போகாது என்று எனக்கு நிச்சயம்.

சாயங்காலம் ஆன்ட்டி வந்தார். உதடு வீங்கி, கண் சிவந்து. நின்றபடியே இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"இன்னா வெயில்டா சாமி!"

உடனே அம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். சம்பல் எப்படி என்று கேட்டேன்.

"உறைப்பு அளவா இருந்தது மகள்."

போனை வைத்ததும் கத்தினேன். "கள்ளி! அம்மான்ர சாப்பாட்டை நீங்கதான் தின்னுறியள்!"

அங்கிள் எழுந்தார். "இதுக்கு மேல இன்னா மறைக்கிறது? சொல்லிடு..."

"நீ சும்மா கீறியா?" என்று அவரை அடக்கிவிட்டு ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "ஆமா பாப்பா. பசிச்சுது, துன்னேன். இன்னா இப்போ?"

அடுத்த நாளிலிருந்து நான் உரலைத் தொடவில்லை. மூன்று வாரத்தில் அம்மா போய்விட்டாள். அப்பா வந்து என்னைக் கூட்டிப்போகும்போது ஆன்ட்டி என் தலையைத் தடவ வந்தார். தட்டிவிட்டேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன மாதம் ஆன்ட்டியும் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. "அந்தக் கள்ளியா?" என்றுதான் என் வாயில் வந்தது. "அப்படிச் சொல்லாதை மகள்," என்றார் அப்பா. பிறகு, அந்த நாட்களில் அம்மா போனில் தனக்குச் சொன்னதைச் சொன்னார்.

முதல் வாரத்திலேயே அம்மாவுக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லையாம். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சிதானாம். நான் பார்க்கக்கூடாதென்று வராந்தாவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாளாம். தினமும் கேரியரைத் திறந்து மணம் பார்ப்பாளாம். பிறகு ஆன்ட்டியிடம், "என்ர பிள்ளை இடிச்சது. எனக்கு முன்னால இருந்து சாப்பிடுங்கோ, நான் பாக்கவேணும்" என்பாளாம்.

அந்த மிளகாய்ச் சம்பலையும் அம்மாவின் கண் முன்னால் உட்கார்ந்துதான் ஆன்ட்டி வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

அன்று, அந்த ஒன்பது வயதில், எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். இத்தனை உறைப்பிலும் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறாளே, என்ன பேராசை பிடித்த பொம்பிளை இவள்.