கோறணமேந்துக் கோழி

என் கணவர் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அதே முப்பது வருடம் அவருடைய சம்பளத்தில் வீடு நடத்தி இன்னும் ஓய்வு பெறாதவள். ஆகவே காசு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துவருவதில்லை. காசு மாதக் கடைசியில் தானாக வந்து சேரும் என்பது அவருடைய நம்பிக்கை. அது வந்த கையோடு எப்படிப் போகிறது என்பதை அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும். கோறணமேந்து என்றால் அரசாங்கம். வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல்லை எங்கள் பழசுகள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வளைத்து எடுத்துக்கொண்டார்கள். பண்டத்தரிப்பில் நாங்கள் இருக்கும் ஒழுங்கையில் இதைத் தேவாரம் மாதிரி நம்புகிறவர்கள் பலர். அவர்களுக்குள் முதல் ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

எங்களுக்கு ஒரே மகள். கம்பசில் பட்டம் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த காலத்தில், சும்மா இருக்கப் பிடிக்காமல் வளவின் பின்பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக் கோழி வளர்க்கத் தொடங்கினாள். முதலில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கோழிகள். பிறகு கொட்டில் நீண்டது. சந்தியில் உள்ள கடைகளும் ஒரு பேக்கரியும் அவளிடமே முட்டை எடுத்தன. கொட்டில் வாசலில் மருந்து கலந்த தண்ணீர்ச் சட்டி ஒன்று வைத்திருந்தாள். அதில் கால் நனைக்காமல் கடவுளே வந்தாலும் உள்ளே விடமாட்டாள். வெளிக்கோழி ஒன்றையும் படலைக்குள் எடுக்கக்கூடாது என்பது அடுத்த சட்டம். அந்தக் கொட்டிலுக்குள் நிற்கும்போது அவள் முகத்தில் ஒரு நிமிர்வு இருக்கும். பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஊருக்கு வேறு வேண்டியிருந்தது. சம்மந்தம் பேச வந்த தரகர், "பிள்ளை என்ன செய்யிறா?" என்று கேட்டார். "கோழி வளர்க்கிறா" என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "கோழி எண்டு சொல்லாதேங்கோ அக்கா. சுயதொழில் எண்டு சொல்லுவம்" என்றார். அப்படிச் சொல்லியும் ஒருவரும் சாதகக் குறிப்புக் கேட்கவில்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற கால்நோவு ஆறமுதல் தேர்தல் கதை வந்தது. நாடு வங்குரோத்து, கஜானாவில் ஒன்றுமில்லை, எல்லோரும் வயிற்றைக் கட்டுங்கள் என்று அதுவரை தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வாரிக் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்லாயிருந்த வீதிக்கு மேலே இன்னொரு வீதி போட்டார்கள். சந்தையடியில் ஏற்கெனவே இரண்டு அடிக்கல் இருந்த இடத்தில் மூன்றாவதும் நட்டார்கள். கட்டடம்தான் இன்னும் வரவில்லை. மீன் வாங்கப் போகிறவர்கள் பையை வைக்க அந்தக் கற்கள் நல்ல வசதி.

"அரசாங்கம் தருகுது" என்று என் கணவர் மகிழ்ந்தார்.

"அரசாங்கத்துக்கு எங்கை தோட்டம் துரவு இருக்கு?" என்று கேட்டேன். "நான் வாங்கிற சீனியிலையும் சவர்க்காரத்திலையும் எடுத்த காசு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கினம்."

"உமக்கு அரசியல் விளங்காது."

எனக்கு அரசியல் விளங்காது என்பது உண்மைதான். அரிசிப் பானை விளங்கும். நாளைக்கு வேண்டிய அரிசியை இன்றைக்கு அவித்துப் போட்டுவிட்டு, பந்தியில் இருக்கிறவர்களிடம் கைதட்டு வாங்குகிறவளை எங்கள் ஊரில் நல்ல குடும்பப் பெண் என்று சொல்லமாட்டார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, அதனால் நாங்கள் இன்னும் கவனமாக அளக்க வேண்டும். அரசாங்கம் செலவழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இவருடைய நெஞ்சுநோவுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார்கள். அந்தச் செலவை நான் கும்பிடுவேன். நான் சொல்வது, தேர்தல் வந்தால் மட்டும் பொங்குகிற பாசத்தை.

அந்தப் பாசத்தின் அடுத்த அலையில் பட்டதாரிகளுக்கு வேலை வந்தது. என்ன வேலை என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் நியமனக் கடிதம் உண்டு. மகளுக்கும் வந்தது. அவள் போகவேண்டாம் என்றே நினைத்தாள். தகப்பன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்ரை காலத்துக்குப் பிறகு உனக்கொரு பென்சன் இருக்குமெண்டால் நான் நிம்மதியாய்க் கண்மூடுவன் பிள்ளை" என்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டுதான் சொன்னார். அவள் போனாள்.

கடிதம் கொடுக்கும் விழாவுக்கு நானும் போனேன். மேளம், நாதஸ்வரம், ஆளைவிடப் பெரிய ஆள் படம். கடிதம் கொடுக்க வேண்டிய அரசியல் பெரியவர் வரப் பிந்தியதால் மேளகாரர் மூன்று கச்சேரிக்கு வாசித்தார்கள். மதியச் சாப்பாடு பொதியில் தந்தார்கள். கோழிக்கறிதான்.

வேலைக்குப் போய்ப் பார்த்தால் அலுவலகத்தில் கதிரை இல்லை. முன்பு இருந்தவர்களுக்கே இடம் காணாது. புதிதாகப் போனவர்கள் யன்னலோரம் நின்றார்கள். மகள் வீட்டுக்கு வந்து காலைத் தைலம் போட்டுத் தேய்த்தாள். என் கணவர் அதற்கும் கோறணமேந்தைக் குறை சொல்லவில்லை. எங்கள் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் கவிழ்த்து, அடியில் சிவப்புப் பெயின்றால் எங்கள் வீட்டு எழுத்தை எழுதினார். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் சாமான் இரவல் கொடுக்கும்போது நாங்கள் அப்படித்தான் எழுதுவோம், இல்லாவிட்டால் திரும்பி வராது.

"அப்பா, இது கலியாண வீடோ செத்த வீடோ?" என்று மகள் கேட்டாள்.

"எலெக்சன் வீடு" என்றேன் நான்.

அவள் கதிரையை ஸ்கூட்டியில் கட்டிக் கொண்டுபோனாள். போய் அதில் இருந்தாள். அவ்வளவுதான் வேலை. விடியவும் பின்னேரமும் கோழிகளை அவளே பார்த்தாள், பகலில் நாங்கள் பார்த்தோம். உத்தியோகம் என்ற சொல் ஊரில் பரவியதும் தரகர் திரும்ப வந்தார். இந்த முறை தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

தேர்தல் கிட்ட வந்தபோது அலுவலகத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. வீட்டுக்கு வீடு இலவசமாகக் கோழிக்குஞ்சு. கோழி தெரிந்தவள் என்று மகளிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். என் கணவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "கண்டீரோ, கோறணமேந்திலையே கோழி மேய்க்கிறாள்!" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கு நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது.

மகள் சிரிக்கவில்லை. மேலதிகாரியிடம் போய், இது மாரி மழை, சின்னக் குஞ்சுகளுக்குச் சூடு வேணும், சூடு லைற் இல்லாத வீட்டில் ஒரு இரவு தாங்காது, மழை விட்டபிறகு கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் நல்ல மனிதர்தான். "தங்கச்சி, நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் மழை விடமுதல் எலெக்சன் வந்திடும்" என்றாராம்.

குஞ்சுகள் லொறியில் வந்து இறங்கின. பெரியவர் ஒரு குஞ்சைக் கையில் ஏந்திப் படத்துக்கு நின்றார். அது அவருடைய வெள்ளை வேட்டியில் கழிந்துவிட்டது. அன்றைக்கு அந்த மேடையில் மனதில் பட்டதைச் சொன்னது அது ஒன்றுதான். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு பெட்டி போனது. கோழியே தொடாத சைவக்கார வீட்டுக்கும் போனது. எங்கள் வீட்டுக்கு வந்ததை மகள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

அடுத்த நாள் நான் நல்லூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். அன்று பகல் முழுக்க மழை. எதிர்வீட்டுப் பெண் நடுங்கும் குஞ்சுகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு எங்கள் படலையைத் தட்டியிருக்கிறாள். "ஐயா, உங்கடை பிள்ளை தந்ததுதானே. உங்களிட்டைத்தானே லைற் இருக்கு. ரெண்டு நாளைக்கு வைச்சிருங்கோ" என்றிருக்கிறாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார். மகளின் சட்டம் என் கணவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் முப்பது வருடம் அலுவலகப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். பெட்டியில் அரசாங்க முத்திரை வேறு இருந்தது. குஞ்சுகளை வாங்கி, காலைச் சட்டியில் ஒழுங்காக நனைத்துவிட்டு, கொட்டிலுக்குள் சூடு லைற்றுக்குக் கீழே கொண்டுபோய் விட்டார். தன் காலை நனைத்தவர் குஞ்சுகளின் காலை யோசிக்கவில்லை.

நானும் மகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். "அரசாங்கச் சொத்து, பிள்ளை. சாகவிடேலாது" என்றார். அவள் குஞ்சுகளை அள்ளிக் குசினிக்குள் கொண்டுவந்து அடுப்போரம் வைத்தாள். பிறகு கொட்டில் வாசலில் போய் நின்றாள். மழைக்குள் நிற்கிறாளே என்று குடையோடு போனேன். "பிந்திப் போச்சம்மா" என்றாள்.

குஞ்சுகளோடு வந்த தொற்று வருத்தம் கொட்டிலுக்குள் இறங்கிவிட்டது. முதலில் கோழிகள் இரை தின்னவில்லை. பிறகு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் குந்தின. மிருக வைத்தியர் வந்தார், மருந்து தந்தார், தலையை ஆட்டினார். ஒவ்வொரு விடியற்காலையும் மகள் கூடையோடு உள்ளே போவாள். முட்டை எடுத்த அதே கூடை. வளவின் எல்லையில் என் கணவர் புதைக்கக் கிடங்கு வெட்டுவார், அவள் சுண்ணாம்பு போட்டு மூடுவாள். இருவரும் ஒரு சொல் பேசுவதில்லை. நெஞ்சுநோவுக்காரர் மண்வெட்டி பிடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மண்வெட்டியை அவரிடமிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. கொட்டில் வெறிச்சோடிய அன்று நான் குசினிக்குள் இருந்து அழுதேன். கோழிக்காக அழவில்லை. என் பிள்ளையின் நிமிர்வு போய்விட்டதே என்று அழுதேன்.

தேர்தல் முடிந்தது. வென்றவர்கள் வென்றார்கள். குஞ்சு வாங்கிய வீடுகளில் குஞ்சு மிஞ்சவில்லை. கொஞ்சம் குளிருக்கு, கொஞ்சம் கீரிக்கு, மிச்சம் காகத்துக்கு. எங்கள் குசினியில் மட்டும் ஒன்றே ஒன்று எப்படியோ தப்பியது. அதற்குப் பிறகு, கோழி இழந்தவர்களுக்கு நட்டஈடு தரப்போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. என் கணவர் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து, நீட்டத் தயங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

என்னைக் கேட்டிருந்தால், வாங்கு என்றே சொல்லியிருப்பேன். ஊருக்கெல்லாம் பானைக் கதை சொன்னவளின் கொள்கை அன்று நன்றாகவே தள்ளாடியது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொள்கை பேச எந்தத் தாயால் முடியும்?

மகள் படிவத்தை மடித்துத் தகப்பனிடமே கொடுத்தாள். "வேண்டாம் அப்பா. உந்தக் காசும் ஆரோ முட்டை வித்த காசுதான். என்ரை கோழி செத்ததுக்கு அவையள் ஏன் கட்டவேணும்? நான் வேலையை விடப்போறன். கொட்டிலைத் திருப்பித் தொடங்கப்போறன். சின்னனாய்."

நான் தகப்பனைப் பார்த்தேன். பென்சன், தரகர், கண்மூடுவது எல்லாம் இப்போது வரும் என்று காத்திருந்தேன். அவர் எழும்பி, சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை வாய் திறந்த நேரத்தில் எழும்பிப் போகிறாரே என்று.

மத்தியானம் படலை திறந்தது. சைக்கிள் கரியரில் கதிரை, கயிற்றால் இறுக்கக் கட்டியபடி. அலுவலகத்திலிருந்து சந்தியால் சுற்றி, எல்லாக் கடைக்காரரும் பார்க்க உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நெஞ்சுநோவுக்குச் சைக்கிள் மிதிக்கக்கூடாது என்று உருட்டியே வந்தாராம். முன்பு எங்களிடம் முட்டை எடுத்த கடைக்காரர், "என்ன ஐயா, கதிரையோடை?" என்று கேட்டாராம்.

"கோறணமேந்துக்கு இரவல் குடுத்தனான். எங்கடை சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போறன்" என்று சொன்னாராம். இதை எனக்குச் சொன்னதும் அந்தக் கடைக்காரர்தான். என் கணவர் வீட்டுக்கு வந்ததும் கதிரையைக் கிணற்றடியில் வைத்து அலம்பினார், பிறகு மகளிடம் போய், "கொட்டிலுக்கு அடிக்கச் சுண்ணாம்பு எவ்வளவு வாங்கவேணும் பிள்ளை?" என்று கேட்டார். அவள் அன்றைக்குத்தான் தகப்பனுக்கு முன்னால் அழுதாள்.

தரகர் அதன் பிறகு வரவில்லை. கொட்டிலைச் சில மாதம் வெறுமையாகப் போட்டுவிட்டு, கையில் இருந்த காசுக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவு குஞ்சுகளோடு மகள் தொடங்கினாள். இப்போது முட்டை வருகிறது. பேக்கரிக்குக் கொடுக்க இன்னும் காணாது.

தப்பிய அரசாங்கக் குஞ்சு சேவலாகிவிட்டது. கொட்டில் பக்கம் அதற்கு அனுமதியில்லை, குசினி முற்றம்தான் அதன் ராச்சியம். நன்றாகத் தின்னும். முட்டையிடாது. விடியமுதல் எழும்பி, தான்தான் விடியவைத்தது என்று ஊருக்குச் சொல்லும். கதிரையும் அந்த முற்றத்தில் முருங்கைக்குக் கீழேதான் கிடக்கிறது, மகள் களைத்து வந்தால் இருக்கட்டும் என்று தகப்பன் போட்டது. அவளுக்கு இருக்க நேரமில்லை. சேவல்தான் ஏறி நிற்கிறது.