உயிரோடிருந்த அண்ணனுக்குப் பாடிய ஒப்பாரி

நேற்று ரேடியோ நாடகத்தில் ஒரு பெண் செத்துப்போன தமையனுக்காக அழுதாள். பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி ஓர் அழுகை. "சீ, இதுவும் ஒரு அழுகையா" என்று ரேடியோவை நூர்த்துவிட்டேன். பிறகுதான் டீச்சரின் நினைவு வந்தது. கூடவே அவர் வீட்டுக் குசினியில் நான் வறுத்த கோப்பியின் மணமும்.

எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனால் செத்தவீட்டில் நான் வாய் திறந்தால் வாவிக்கு அக்கரையிலும் அழுவார்கள். ஊர் சொன்னது, நான் சொல்லவில்லை. நாட்டில் சண்டை தொடங்குவதற்கு முந்திய அந்தக் காலத்தில் மட்டக்களப்பு டவுனில் அந்த டீச்சருக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலீசில் இருந்த பழைய கிரேக்க நாடகம் ஒன்றை, பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் நடிப்பதற்காக அவர் தமிழாக்கினார். போரில் மாண்ட தமையனுக்காகத் தங்கை அழுகிற கதை. எழுதியதையெல்லாம் அடுப்படிக்குக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டுவார். சமையல்காரியிடம் அபிப்பிராயம் கேட்ட படித்த மனுசியை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

"எப்படிக் கிடக்கு புள்ள, இந்த அழுகை?"

"கோயில்ல பிரசங்கம் கேட்ட மாதிரிக் கிடக்கு டீச்சர்."

அவர் கோபிக்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டார். "அப்ப நீ பாடிக் காட்டு. இது சரிவராட்டி நான் நாடகத்த மேடை ஏத்த மாட்டன்."

மாட்டேன் என்றேன். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவைக் கூப்பிட்டதாகும். அதிலும் தமையனுக்கு! தாய் தகப்பன் இல்லாத என்னை வாவியில் மீன் பிடித்து வளர்த்தவர் என் அண்ணன்.

அன்று மீன் கொண்டுவந்த அவருக்கே விசயம் தெரிந்துவிட்டது. சிரித்தார். "செத்தாப் பிறகு எனக்கெங்க கேக்கப்போகுது? இப்பவே பாடுகா தங்கச்சி, கேட்டிட்டுப் போறன். வீட்டிலதானே கூடாது? தோணிக்குக் கூரை இல்லையே!"

டீச்சரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு நடு வாவிக்குக் கம்பூன்றினார். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"வலை காயுது வாசலில, வீசின கை எங்க ராசா..."

டீச்சர் எழுத மறந்து அழுதார். அண்ணன்தான், "என்ன புள்ள, வலையைப் பத்தியே பாடுறாய்? என்னைப் பத்தி நல்லதா ஒண்டும் இல்லையா?" என்றார்.

நாடகத்தன்று என் வலையை டீச்சர் கேடயமாக்கியிருந்தார். "கேடயம் கிடக்குது வாசலில, ஏந்தின கை எங்க ராசா." மெட்டும் மூச்சும் என்னுடையவை, துக்கம் அந்தக் கிரேக்கப் பெண்ணுடையது. சபையில் ஒரு பெண்ணின் கண்ணும் காயவில்லை. எங்கோ கடலுக்கப்பால் செத்தவனை எங்கள் வீட்டு முற்றத்தில் கிடத்திவிட்டார், மகராசி.

பல வருசம் கழித்து அண்ணன் காய்ச்சலில் போனார். தலைமாட்டில் இருந்து வாய் திறந்தேன். வலைப் பாட்டை அவர்தான் முன்பே கேட்டுவிட்டாரே! வந்தது கேடயம்தான்.

"மீன்பிடிகாரனுக்கு என்னத்துக்குகா கேடயம்?" என்று பக்கத்திலிருந்த மச்சாள் கிசுகிசுத்தாள். அண்ணன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

டீச்சரும் இப்போது உயிரோடு இல்லை. அந்த நாடகத்தைப் பிறகு யாரும் போடவில்லை. அந்த வரிகள் இப்போது என் வாயில் மட்டும் கிடக்கின்றன. ரேடியோக்காரப் பெண் வந்து கேட்டால் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் வரும்போது அவள் ஒரு தோணியோடு வரவேண்டும்.