நான் பாடமாக்கிய கேக்

எட்டு வயதில், ஒரு கேக் செய்யும் முறையைச் சபை நடுவே நின்று பிழையில்லாமல் ஒப்புவித்தேன். அதற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒஸ்லோவில் நடந்த இந்தச் சங்கதியை இப்போது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. பத்திக்கொண்டுதான் வருகிறது.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, பிரான்சில் இருந்தார். பாரிசில் இல்லை. தெற்கே ஸ்பெயின் எல்லையோடு ஒட்டிய பாஸ்க் பகுதியில், ஒரு கேக் கடையின் குசினியில் அவருக்கு வேலை. ஒஸ்லோவில் நாங்கள் இருந்த அம்மருட்டில், எங்கள் கட்டடத்துச் சனத்திடம் அம்மா அவரை 'ஹோட்டல் மனேச்சர்' என்றுதான் சொல்லி வைத்திருந்தார். மா பிசைகிற ஆம்பிளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அம்மாவின் கவலை. மாமாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியது அம்மாதான். அதனால் அவர் அக்காவுக்கு எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டார். ஒஸ்லோவிலேயே ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்து, "உடனை வெளிக்கிட்டு வா" என்று அம்மா போன் எடுத்ததும், எங்களுடைய இலையுதிர்கால விடுமுறைக்கு மாமா வந்து இறங்கிவிட்டார்.

பெண் பார்க்கப் போக வேண்டிய வெள்ளிக்கிழமை காலை, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபின், மாமா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். பின்னேரம் பெண் வீட்டுக்கு ஒரு கேக் கொண்டு போகவேண்டுமாம். அந்தப் பாஸ்க் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்கிற கேக். பெயர் காத்தோ பாஸ்க்.

பட்டரையும் சீனியையும் ஒரு பெரிய கோப்பையில் போட்டுத் தந்தார், நான் அடித்தேன். முட்டைகளை உடைத்து மஞ்சளை வேறாக்கக் காட்டித் தந்தார். ஒன்றை நிலத்தில் போட்டேன், அவர் ஏசவில்லை. கோதுமை மாவும் பாதாம் தூளும் சேர்த்துப் பிசைந்த உருண்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பாலைக் காய்ச்சி, மஞ்சள் கரு, சீனி, வனிலா எல்லாம் சேர்த்துக் களி மாதிரித் தடிக்கும்வரை மாறி மாறிக் கிண்டினோம். பிறகு மாவில் பாதியைத் தட்டில் விரித்து, ஆறிய களியை நடுவில் பரப்பி, மறுபாதியால் மூடி ஓரத்தை அமத்தினார். மேலே மஞ்சள் கரு பூசி, முள்ளுக்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்தார்.

கேக் வேகும் நேரத்தில் வேறொரு வேலை நடந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப்போட்டியில் எப்போதும் நான்தான் முதலாமிடம். விளங்குதோ இல்லையோ, சொல்லித் தந்ததைக் கால்புள்ளி முதற்கொண்டு ஒப்புவிப்பேன். எங்களுடைய ஆட்கள் கூடுகிற வீடு எதுவானாலும், தேத்தண்ணி வந்ததும் பிள்ளைகளை நடு ஹோலில் நிறுத்தி "ஒண்டு சொல்லு பாப்பம்" என்று கேட்பார்கள். அது கட்டாயம். மாமாவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

"மருமோள், உதே பழைய பேச்சுகளை எத்தினை நாளைக்குச் சொல்லுவாய்? இந்தக் கேக்கைப் பற்றி ஒண்டு பாடமாக்குவமே?" என்றார்.

வசனம் வசனமாக அவர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். ஒரு இடத்தில் அடிக்கடி தடுக்கினேன். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

வேலையால் வந்த அம்மாவுக்குக் கேக்கைக் கண்டதும் நெருப்பெடுத்தது. "உனக்கென்ன விசரே? குசினியிலை நிக்கிறவன் எண்டு நெத்தியிலை எழுதிக்கொண்டு போகப்போறியோ? இண்டைக்கு வெள்ளி வேறை. அவை சுத்த சைவக்காரர். முட்டையைப் போட்டு வைச்சிருக்கிறாய்!"

"கேக் வராட்டி நானும் வரேல்லை அக்கா," என்றார் மாமா. அக்காவுக்கு எதிராக அவர் அன்றைக்குச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

அம்மா கொஞ்ச நேரம் சட்டி பானைகளோடு சண்டை பிடித்துவிட்டு வழிக்கு வந்தார். கேக் டவுணில் கடையில் வாங்கியது, முட்டை போடாதது. அப்படித்தான் சொல்லவேண்டும். என் பக்கம் திரும்பி, "நீ வாயைத் திறக்கப்படாது, விளங்குதோ?" என்றார். எனக்கு முகம் சுட்டது. கை வலிக்க வலிக்க அடித்தது நான். முட்டை உடைத்தது நான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லித் தந்தது இதே அம்மாதான்.

பெண் வீட்டில் வடையும் பலகாரமும் மேசை நிறைய இருந்தன. பெண்ணின் அம்மா எங்களுடைய கேக்கைப் பார்த்ததும், "முட்டை இருக்குமே?" என்று கேட்டார்.

"சீச்சீ, இது முட்டை இல்லாதது. டவுணிலை எடுத்தது," என்றார் அம்மா, கண் இமைக்காமல். அந்த மனுசி நம்பி ஒரு துண்டை வாயில் வைத்தார். பெண்ணும் சாப்பிட்டாள். "நல்லாயிருக்கு. எந்தக் கடை?" என்று கேட்டாள். அம்மா கடையின் பெயர் வாயில் வருகுதில்லை என்று மழுப்பினார். மாமா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். கதிரையின் நுனியில் இருந்து, கோபத்தில் என் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். நான் செய்த கேக்கை யாரோ ஒரு கடைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்.

அப்போதுதான் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை பேச்சிலை முதலாமிடமாமே? ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அம்மா, "அந்தத் தாய்மொழிப் பேச்சைச் சொல்லம்மா" என்றார். மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "புதுசா ஒண்டு பாடமாக்கி வைச்சிருக்கிறாள் அக்கா. அதைச் சொல்லு மருமோள்."

எழுந்து நடுவில் போய் நின்று கைகூப்பினேன்.

"அவையோருக்கு வணக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் காத்தோ பாஸ்க். இந்தக் கேக்கை என் மாமா தம் கையால் செய்வார். மாமா கேக் கடைக் குசினியில் வேலை செய்கிறார். முதலில் முட்டைகளை உடைத்து மஞ்சள் கருவைப் பிரித்தெடுக்க வேண்டும்..."

பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைப் பக்கம் ஓடினார். அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்தது. ஆனால் பேச்சுப்போட்டியில் பழகியவர்கள் பாதியில் நிற்கமாட்டார்கள். எனக்கு நிறுத்தவும் விருப்பமில்லை. குரலை இன்னும் உயர்த்தினேன்.

"மாமாவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதைச் செய்வார்கள். முள்ளுக்கரண்டியால் மேலே கோடு போடுவது சின்னவன். அவனை ஒருவரும் தடுக்க முடியாது. அவனுக்கும் மாமாவைப் போலவே சுருட்டை முடி. நன்றி, வணக்கம்."

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் மாமாவின் தலையைப் பார்த்தார்கள். மாமா நிலத்தைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. என்ன பிழை விட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. சின்னவன் என்றால் மாமா வாடகைக்கு இருக்கிற வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன்.

பெண் மட்டும் என்னிடம் நோர்வேஜிய மொழியில், மெல்லிய குரலில் கேட்டாள். "அவனுக்கு எத்தனை வயது?"

"தெரியாது," என்றேன். அது பேச்சில் இருக்கவில்லை.

வெளிக்கிடும்போது மிச்சக் கேக்கைத் தட்டோடு அம்மாவின் கையில் திருப்பித் தந்தார்கள். காருக்குள் ஏறியதும் அம்மா முன் இருக்கையிலிருந்து திரும்பி என் கன்னத்தில் ஓங்கி அடித்தார். "உன்ரை வாய்தானடி எல்லாத்தையும் குலைச்சது! எவ்வளவு ஆசையா இருந்தன்!" என்று அழுதார். அப்பா வழக்கம்போல் வீதியைப் பார்த்துக் கார் ஓட்டினார். என் பக்கத்தில் இருந்த மாமாவை அம்மா ஒரு சொல் கேட்கவில்லை. வளர்த்த பிள்ளையை அடிக்க முடியாது. பெற்ற பிள்ளையை அடிக்கலாம்.

"விடுங்கோ அக்கா, சின்னப்பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் மாமா. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்து, தோளோடு என்னை அணைத்துக்கொண்டார்.

அதன்பிறகு தமிழ்ப் பள்ளியில் நான் மேடை ஏறவில்லை. மாமா சின்னவனின் தாயான பாஸ்க் பெண்ணையே கல்யாணம் முடித்தார். அம்மா கொஞ்சக் காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்து, சுருட்டை முடியைக் கண்டதும் மருமகனைத் தூக்கி மடியில் வைத்துவிட்டார். என்னுடைய வாயைத்தான் மன்னிக்கவில்லை. எங்கேயாவது நாலு பேர் கூடினால், "இவளுக்கு முன்னாலை ஒண்டும் கதையாதேங்கோ" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார்.

வேலைக்குப் போகத் தொடங்கியபின் ஒரு கோடையில் நான் மாமா வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கேக் நாள். மாமா மா பிசைந்தார். நெடுநெடுவென்று வளர்ந்திருந்த சின்னவன் சோபாவில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். "சின்ன வயதில் கோடு போடுவதற்கு அடம்பிடிப்பானாமே, இப்போது எழும்பவே மாட்டானா?" என்று மாமியிடம் கேட்டேன். மாமி சிரித்தார். அவன் ஒருநாளும் இதில் கை வைத்ததில்லையாம். எப்போது அப்படி என்று கேட்டார். நான் அந்த இலையுதிர்காலத்தைச் சொன்னேன். மாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போது அவனுக்குப் பல்லே முளைக்கவில்லை. கரண்டியை எங்கே பிடிப்பது?"

மாமாவைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் தடுமாறத் தடுமாற, திரும்பத் திரும்ப அவர் சொல்ல வைத்த இடம் அந்தச் சின்னவன் வசனங்கள்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துத் தன் வாயால் சொல்லத் துணிவில்லாத ஒன்றை எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறார். அது எனக்கு அன்று தெரியாது. கன்னம் எரிய எரிய அந்தத் துண்டைத் தின்றுகொண்டு, இந்த உலகத்தில் என் பக்கம் இருக்கிற ஒரே ஆள் மாமாதான் என்று அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன்.